நகம் பட்டதும் உரிந்தது

படகின் கைப்பிடிக் கட்டையில் விரல் நகம் பட்டது. வார்னிஷ் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து கையோடு வந்தது.

அடியில் தேக்கு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. திருகாணியைச் சுற்றி மட்டும் ஒரு கறுப்பு வட்டம்.

தவறு என்னுடையதுதான். போன வருடம் "பளபளவென்றுதானே இருக்கிறது" என்று விட்டுவிட்டேன். வார்னிஷை மேலே வெயில் தின்னும். அடியில் தண்ணீர் தின்னும். திருகுத் துளை, கட்டையின் வெட்டு முனை, இந்த இரண்டு இடம் போதும் அதற்கு உள்ளே போக.

இன்று முழுக்கச் சுரண்டல். அப்புறம் 80-ஆம் எண் உப்புத்தாள், அடுத்து 120, கடைசியில் நைசான 220. மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். அவசரத்தில் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தேன். இப்போது ஒன்றும் தெரியாது. வார்னிஷ் ஏறியதும் அந்தக் கீறல் பல்லைக் காட்டும்.

கறுப்புக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல். கையுறை கட்டாயம். வட்டம் மெல்ல மெல்ல வெளுத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

இனி அசிட்டோன் துணியால் தேக்கின் எண்ணெயைத் துடைத்து, தின்னர் கலந்து நீர்க்க வைத்த வார்னிஷில் முதல் பூச்சு. அதற்கு மேல் ஆறேழு.

மரத்துக்கு அழகு செய்கிறோம் என்று நினைத்திருந்தேன். உண்மையில், "வெயிலே, மரத்தை விட்டுவிட்டு இந்த வார்னிஷைத் தின்னு" என்று ஒரு படையல் வைக்கிறோம். வருடா வருடம்.

மரம் நன்றாகக் காயும்வரை டப்பாவைத் திறக்கக் கூடாது. தூரிகையை மட்டும் மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.