கோழிக் குழம்பு கழகத்தில் சேர்ந்த கதை

பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் தமிழ்ச் சமையல் தளம் கட்டுகிறவர்கள் இந்தக் கூத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. தலைப்பு "கோழிக் குழம்பு". தலைப்பை ஸ்லக்காக, அதாவது முகவரியில் வரும் பெயராக, மாற்றும் ஸ்லக்கிஃபை ஃபங்ஷனில் யூனிகோடு அனுமதியும் கொடுத்தாயிற்று. சேமித்துவிட்டுப் பார்த்தால் ஸ்லக் "கழக-கழமப". கோழி கட்சியில் சேர்ந்துவிட்டது.

எந்த எழுத்தை வைப்பது என்று பார்க்க ஸ்லக்கிஃபைக்குள் இருக்கும் ரெகெக்ஸ் என்ற வடிவ விதிதான் காரணம். அதில் வரும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்ற பைத்தான் குறி எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே ஏற்கும். காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோடு கணக்கில் எழுத்தே இல்லை, வெறும் குறிகள். எல்லாம் குப்பைக்குப் போகும். காரக் குழம்பும் கீரைக் குழம்பும் ஒரே "கரக-கழமப" ஆகிவிடும். ஸ்லக் ஃபீல்டில் யூனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது) போட்டிருந்தால் இரண்டாவது சேமிக்கும்போதே இன்டெக்ரிட்டி எரர். போடாவிட்டால் இரண்டு குழம்பும் ஒரே முகவரியில் சிக்கி, பக்கம் 500, அதாவது சர்வர் பிழை.

ரூட்டிங் பஞ்சாயத்து இதற்கு மேல். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் பாத் வரியில், முகவரித் துண்டைச் சோதிக்கும் ஸ்லக் கன்வெர்ட்டருக்கு ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அடிக்கோடு தவிர எதுவும் தெரியாது. லிங்க்கைக் கையால் எழுதியிருந்தால் 404, பக்கம் இல்லை என்று வரும். முகவரியை ஜாங்கோவே உருவாக்கும் யூஆர்எல் டேக் போட்டிருந்தால் பட்டியல் பக்கமே நோரிவர்ஸ்மேட்ச் பிழை என்று படுத்துவிடும்.

உடனே எல்லாரும் செய்வது, பாத் வரியில் ஸ்லக் கன்வெர்ட்டரை ஸ்ட்ர் என்று மாற்றுவது. குழம்பு திறக்கும். நேற்றுவரை ஓடிய "சமையல்/புதிது/" படிவம் திறக்காது! ஜாங்கோ மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். ஸ்ட்ர், சாய்கோடு தவிர எதையும் விழுங்கும். ஸ்லக் இருந்தவரை "புதிது" அதற்குப் பொருந்தவில்லை, அதனால் வரிசைத் தப்பு வெளியே தெரியவில்லை. இப்போது "புதிது" என்றொரு பதார்த்தத்தைத் தேடிக்கொண்டிருக்கும். பிழை விவரம் காட்டும் டீபக் ட்ரூவில் வரும் 404 பக்கத்தின் "ரெய்ஸ்டு பை" வரியில் எந்த வியூ (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்) கைவிரித்தது என்று இருக்கும். அதைப் படிக்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்து பயனில்லை.

"புதிது" வரியை ஸ்ட்ர் வரிக்கு மேலே ஏற்றுங்கள். அப்புறம் சொந்தக் கன்வெர்ட்டர்: ரெகெக்ஸ், டு பைத்தான், டு யூஆர்எல் மூன்றும் உள்ள சின்ன கிளாஸ், ஒரு ரெஜிஸ்டர். ரெகெக்ஸில் ஆங்கிலம், எண், ஹைஃபனோடு யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களும் வரட்டும். அதே வரம்பில் ஸ்லக் செய்யும் ஃபங்ஷனையும் நீங்களே எழுதவேண்டும். ஸ்லக்ஃபீல்டை சாதாரண எழுத்து ஃபீல்டான கார்ஃபீல்டாக்குங்கள், இல்லையென்றால் உள்ளீட்டைச் சோதிக்கும் அதன் வேலிடேட்டரும் பேக்ஸ்லாஷ் டபிள்யூவை நம்பி, அட்மினில் சரியான ஸ்லக்கைத் திருப்பி அனுப்பும். ஏற்கெனவே கழகத்தில் சேர்ந்தவர்களை பழைய பதிவுகளை மொத்தமாகத் திருத்தும் ஒரு டேட்டா மைக்ரேஷனில் மீட்டுவிடலாம்.

வாட்ஸ்ஆப்பில் ஒட்டும்போது "கோழிக்-குழம்பு" மட்டும் சதவீதக் குறியீடாக 118 எழுத்துக்கு நீளும். அது கண்ணை உறுத்தினால் பதிவு எண்ணோடு "சமையல்/42/" போதும், சாப்பிட வருகிறவர் முகவரியைப் படிக்கப்போவதில்லை.