கயிறு கட்டிய அம்பு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து மேட்டவோமன் ஓடையில் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்த ஒருவர் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். பெட்டி நிறைய விரால். ஒவ்வொன்றின் விலாவிலும் அம்பு பாய்ந்த ஓட்டை. "இதையெல்லாம் நீங்கள் சாப்பிடுவீர்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். புதுக்கோட்டைக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

நம்மூர் விரால் இல்லை, அதன் சீனத்துப் பங்காளி. மேலெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுப்பு. ஆனால் அந்தத் தட்டைத் தலை, பிடித்தால் கையில் நிற்காத வழுவழுப்பு, மூச்சு வாங்க மேலே வந்து போகிற பழக்கம், குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கிற தாய் தகப்பன் எல்லாம் அப்படியே. மேரிலாந்துக்கு வந்து இத்தனை வருஷத்தில் சொந்தக்காரன் ஒருவனை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். அவனும் செத்துக் கிடந்தான்.

இங்கே அதை உயிரோடு எடுத்துப் போவது குற்றம். 2002-ல் கிராஃப்டன் ஊரில் ஒரு குளத்தில் இந்த மீன் அகப்பட்டது. நியூயார்க் சந்தையிலிருந்து தங்கைக்கு உடம்பு சரியில்லையென்று சூப் வைக்க வரவழைத்திருக்கிறார் ஒருவர். தங்கை தேறிவிட, மீன் குளத்துக்குப் போனது. (உடம்புக்கு முடியாதவருக்கு விரால் வாங்கிக் கொடுப்பதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.) குஞ்சு பொரித்துப் பெருகியதும் குளத்துக்கே மருந்தடித்து எல்லாவற்றையும் கொன்றார்கள். 2004-ல் பொட்டோமாக் ஆற்றில் தலைகாட்டியது. இன்றைக்கு அளவு கிடையாது, பருவம் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் பிடி, பிடித்தால் கொல் என்கிறது அரசு. தூண்டிலும் போடலாம், வில்லாலும் அடிக்கலாம்.

இந்த விரால் எங்கள் குடியிருப்புக் குளத்திலும் புகுந்துவிட்டது. கோடையில் வில்லுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. ஒரு அம்மா எழுந்து, "குழந்தைகள் நடக்கிற இடத்தில் அம்பா?" என்றார். கூடம் முழுக்கத் தலையாட்டியது. எனக்குச் சுருக்கென்றது. துப்பாக்கியைக் கடையில் அடுக்கி வைத்து விற்கிற நாட்டில் வந்து நிற்கிறேன், கயிறு கட்டிய அம்புக்கு இத்தனை பயமா?

கயிறு என்று சும்மா சொல்லவில்லை. ஓடைக்கரைக்காரர் தன் வில்லைக் கையில் கொடுத்துக் காட்டினார். மீனடிக்கிற அம்பு கனமான கண்ணாடியிழைத் தண்டு, பின்னால் இறகு கிடையாது, முனையில் மீனை விடாத கொக்கி முள். அதிலிருந்து ஒரு கயிறு வில்லில் மாட்டிய சுருளுக்குப் போகிறது. அடித்த அம்பு எங்கேயும் பறந்துவிட முடியாது, திரும்ப இழுத்தாக வேண்டும். அடிப்பதும் சில கஜ தூரத்துக்குள், அதுவும் கீழ்நோக்கி. தண்ணீருக்குள் மீன் இருக்கிற இடத்துக்கு மேலே தெரியும் என்பதால் தெரிகிற இடத்துக்குக் கீழே குறி வைக்க வேண்டும். தண்ணீருக்குள் போனதும் அம்பின் வேகம் விழுந்துவிடும். தவிர, மேரிலாந்து விதிப்படி 100 கஜத்துக்குள் ஆளோ, குளிக்கிற இடமோ, வேறு படகோ இருந்தால் வில்லை எடுக்கவே கூடாது.

இதே மாநிலத்தில் மாண்ட்கமரி கவுண்டிப் பூங்காக்களில் மான் தொல்லைக்காக வில்லாளிகளை அனுமதிக்கிறார்கள். மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து கீழ்நோக்கி அடிப்பதால் குறி தப்பினாலும் அம்பு மண்ணில் குத்துகிறது. அந்த அம்புக்குக் கயிறு கூட இல்லை. மானுக்கு ஆகும், மீனுக்கு ஆகாதா?

ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த அம்மா பயப்படுகிற இடத்தில் அது இல்லை. கயிறு வில்லிலோ கையிலோ சிக்கினால், விட்ட அம்பு அடித்தவன் முகத்துக்கே திரும்பும். அதற்காகத்தான் அம்புத் தண்டில் நகர்கிற ஒரு வளையம் போட்டுக் கயிற்றை அதில் கட்டுகிறார்கள். நாண் இழுக்கும்போது கயிறு வில்லுக்கு முன்னால் இருக்கும், சிக்காது. அந்த வளையத்தைக் காட்டும்போது ஓடைக்கரைக்காரர் விரலால் முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திக் காட்டினார், எனக்குப் புரிந்த பிறகும் விடவில்லை. அடுத்தது, தரையோடு தரையாக நின்று சாய்வாக அடித்தால் அம்பு தண்ணீர்மேல் பட்டுத் தெறிக்கலாம். மூன்றாவது, ராத்திரி விளக்குப் படகில் நின்று அடிக்கிறவன் தவறி விழுவது. மூன்றிலும் அடிபடப்போகிறவன் பெரும்பாலும் வில்லைப் பிடித்தவன்தான்.

ஆகவே கூட்டத்தில் நான் சொன்னது: மேடை போட்ட இடத்திலிருந்து மட்டும், கீழ்நோக்கி மட்டும், வளையம் போட்ட அம்பு மட்டும், விடிந்து நடைபாதை திறப்பதற்கு முன் மட்டும், பயிற்சி எடுத்தவருக்கு மட்டும். "மட்டும்" போட்டுப் போட்டு வாய் வலித்தது. தூண்டிலை வீசும்போது பின்னால் நிற்பவர் கண்ணில் முள் மாட்டாதா என்றும் கேட்டேன். அதற்கு யாரும் தலையாட்டவில்லை.

பேசும்போதே எங்கள் கண்மாய்க்குப் போய்விட்டேன். பனி அள்ளப் பழகிவிட்டேன், வரிக்கணக்கு நானே போடுகிறேன், இது நம்ம ஊர்தான் என்று போனவாரம்கூட ஒருவரிடம் சொன்னேன். ஆனால் பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது மீன்பிடித் திருவிழாதான். தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியிருக்கும். பெரியவர் வெள்ளைத்துண்டை வீசியதும் கரையிலிருந்து மொத்தக் கூட்டமும் உள்ளே பாயும். ஊத்தா என்கிற அடியில்லாக் கூடையைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் அகப்பட்டால் ஊத்தாவே உதறும். கெளுத்தியாக இருந்தால் நாம் உதறுவோம். பக்கத்துக்காரன் ஊத்தா என் காலில் விழாமல் இருந்தது கருப்பர் புண்ணியம். அந்தக் கூட்டத்துக்கு இவர்கள் விதி எழுதினால் புத்தகம் போதாது.

அன்றைக்கு ஓடைக்கரைக்காரர் இரண்டு மீன் கொடுத்தனுப்பினார். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "வெராலாடா அது? உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சியா?" என்றாள். சாம்பலுக்கு நான் எங்கே போக? கேஸ் அடுப்பு. கல்லுப்பைப் போட்டு ஸ்டீல் நாரால் தேய்த்ததில் சிங்க் அடைத்துக்கொண்டது. குழம்பு என்னமோ நன்றாகத்தான் வந்தது, அம்மாவிடம் மட்டும் மண்சட்டி என்று சொல்லியிருக்கிறேன்.

சங்கம் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறது. விதி வரைவை எழுதித் தரும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூட்டத்தில் அம்பா என்று கேட்ட அந்த அம்மாவும் விதி எழுதும் குழுவில் இருக்கிறார். முதல் விதியாக வளையத்தைப் போட்டிருக்கிறேன்.