கூலி

எழும்பூர் ஸ்டேஷனில் இன்று காலை ஒரு பையன், "ஏ கூலி, இங்க வா" என்று கத்தினான். சிவப்புச் சட்டைப் பெரியவர் திரும்பவே இல்லை. கையில் கட்டியிருந்த பித்தளை பில்லையைத் துண்டு நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஒரு அம்மா "அண்ணே" என்றதும் எழுந்தார்.

நமக்குக் கூலி என்றால் ஆள் இல்லை, உழைப்புக்குக் கிடைக்கும் காசு. குறளில்கூட 'மெய்வருத்தக் கூலி'தான்.

1834 முதல் மொரீஷியஸ் கரும்புக்காட்டுக்குக் கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றியது வெள்ளைக்காரன். காசின் பெயரை ஆள்மேல் ஒட்டிவிட்டு, காசை மட்டும் பிடித்துக்கொண்டான். சீனத் தொழிலாளிக்கும் அதே பெயர். தென்னாப்பிரிக்காவில் காந்தியே 'கூலி பாரிஸ்டர்'.

(குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.)

2016 ரயில்வே பட்ஜெட்டில் ஸ்டேஷன் கூலியின் பெயரை 'சஹாயக்', அதாவது உதவியாளர் என்று மாற்றினார்கள். அதற்குள் பெட்டிகளுக்கெல்லாம் சக்கரம் முளைத்திருந்தது, அது வேறு கதை.