சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் உங்கள் பின்னாலேயே வந்தால்

மளிகை வாங்கப் போன இடத்தில், எந்த வரிசைக்குத் திரும்பினாலும் ஒரு சீருடைக்காரர் அங்கேயே வந்து நின்றால் உடம்பே கூசிப்போகும். கையில் எடுத்த பாக்கெட்டைத் திரும்ப வைக்கக்கூடத் தயக்கம் வரும். கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வருபவர்களுக்கு இது அநேகமாக நடப்பதில்லை. லுங்கி கட்டியவர், வீட்டு வேலை முடித்து அப்படியே வரும் அம்மா, பர்தா அணிந்த பெண், இந்தி பேசும் கட்டடத் தொழிலாளி, பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், திருநங்கைகள் ஆகியோருக்குத்தான் நடக்கிறது. இது அநியாயம். பொறுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. எதை, யாரிடம், எப்போது கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில், பின்னால் வருகிறவர் எல்லோரும் காவலுக்கு வருபவர் இல்லை. ஷாம்பு, டீத்தூள், சத்துமாவு பான வரிசைகளில் நிற்கும் பலர் கடையின் ஆட்களே இல்லை. பிராண்டு கம்பெனிகள் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கும் பிரமோட்டர்கள். "அக்கா, இது ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்று அவர்களே வாய் திறப்பார்கள், அந்த வரிசையைத் தாண்டினால் விட்டுவிடுவார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, பழைய தேதிப் பாக்கெட்டை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் தள்ளுகிறவர் சரக்கு அடுக்குகிறார். கண்காணிக்க வருபவர் கையில் எதுவும் இருக்காது, பேச்சும் இருக்காது. பருப்பு வரிசையிலிருந்து எண்ணெய்க்குப் போய் மறுபடி பருப்புக்கே வாருங்கள். அவரும் அதே சுற்றைச் சுற்றினால் சந்தேகம் தீர்ந்தது.

அவர் ஏன் வருகிறார் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கம்ப்யூட்டர் காட்டும் இருப்பும் ராக்கில் எண்ணிய இருப்பும் ஒத்துப்போகாவிட்டால் அதற்கு ஷார்ட்டேஜ் என்று பெயர். அது திருட்டால் மட்டும் வருவதில்லை. லாரியிலிருந்து குறைவாக இறங்கியிருக்கும், எலி கடித்ததைக் கணக்கில் எழுதாமல் எறிந்திருப்பார்கள். ஒரே விலையில் இரண்டு வகை பிஸ்கட் இருந்தால், கவுண்டரில் ஒன்றை மட்டும் இரண்டு முறை ஸ்கேன் செய்துவிடுவார்கள். அப்போது ஒரு வகை குறைவாகவும் இன்னொன்று கூடுதலாகவும் நிற்கும். ஆனால் பழி வந்து விழுவது பெரும்பாலும் அந்தப் பிரிவில் நிற்கும் பையன் மீது. சில கடைகளில் அந்தத் தொகையைப் பிரிவு ஆட்கள் எல்லோர் சம்பளத்திலும் பிரித்துப் பிடிக்கிறார்கள். இது சட்டப்படி சரியில்லை. ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைத்த சரக்கு, அவருடைய கவனக்குறைவால் போனது என்றால்தான், அதுவும் அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான், பிடிக்க முடியும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது என்றால் அவர்கள் நாள் முழுக்க எப்படி நின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்களைச் சந்தேகப்படச் சொல்லி அனுப்பியது இன்னொருவர். அதனால் கோபத்தை அந்தப் பையனிடம் இறக்காதீர்கள்.

காவல் அதிகம் இருக்கும் இடங்களும் எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஏலக்காய், குங்குமப்பூ, முந்திரி, நெய், ஷேவிங் பிளேடு, முகக்கிரீம், பேட்டரி, பெரிய சாக்லேட், குழந்தைகளுக்கான பால் பவுடர். எல்லாம் கைக்கு அடக்கம் அல்லது விலை அதிகம். இந்த ராக்கில் மட்டும் ஒருவர் வந்து நின்றால் அது பொருளுக்கான காவல். உப்பு வரிசைக்கும் கூடவே வந்தால் அது உங்களுக்கான காவல்.

அப்படி என்றால் நீங்களே முதலில் பேசிவிடுங்கள். "தம்பி, உருண்டை வெல்லம் எந்த ராக்ல இருக்கு?" என்று கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு கூச்சப்பட்டு விலகிவிடுவார்கள். விலகாவிட்டால் ஃப்ளோர் சூப்பர்வைசரையோ மேனேஜரையோ வரச்சொல்லி, குரல் உயர்த்தாமல் ஒரே கேள்வி: "நான் வந்ததிலிருந்து இவர் என் பின்னாலேயே வர்றார். உதவிக்கா, சந்தேகத்துக்கா?" சந்தேகம் என்று எந்த மேனேஜரும் வாயால் சொல்ல மாட்டார். சொன்னால் அது அவருக்கே ஆபத்து. நேரத்தையும் அவர் பெயர் அட்டையில் உள்ள பெயரையும் அப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருளைக் கூடையில் மட்டும் போடுங்கள், தோள்பையிலோ மடித்த துணிப்பையிலோ வேண்டாம். சட்டத்துக்காகச் சொல்லவில்லை, பிறகு வாதம் வந்தால் கேமராவில் உங்களுக்குச் சாதகமாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். உள்ளே போகும்போது பையை டோக்கன் போட்டு வாங்கி வைக்கிற கடையில் பணம், போன், நகை எதையும் பைக்குள் விடாதீர்கள். பையின் வாயைப் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டுக் கட்டித் தரும் முறை இதைவிட நல்லது, கேட்டால் பல கடைகளில் செய்வார்கள். வேறு கடையில் வாங்கிய பொருள், குழந்தையின் பால் டப்பா, மாத்திரை அட்டை இருந்தால் வாசலிலேயே செக்யூரிட்டியிடம் காட்டிவிடுங்கள்.

சண்டை வெடிப்பது பெரும்பாலும் வெளியேறும் வாசலில். செக்யூரிட்டி பேனாவைப் பில்லின் மேல் ஓட்டி, கவரில் உள்ளதை எண்ணி, ஒரு முத்திரை குத்துவார் அல்லது ஓட்டை போடுவார். இது வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு மட்டும் வைத்த சோதனை இல்லை. கவுண்டரில் இருப்பவர் தெரிந்தவருக்கு ஸ்கேன் செய்யாமல் பொருள் தள்ளிவிடுவதைத் தடுக்கவும், ஒரே பில்லை இரண்டு முறை காட்டி வெளியேறுவதைத் தடுக்கவும் வைத்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்தால் இதில் அவமானம் இல்லை. உங்கள் முன்னால் போனவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் நிறுத்தினால் அங்கேயே கேளுங்கள். எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். இலவசமாகத் தந்த பொருள் பில்லில் ஏறாமல் இருக்கும், அதைப் பூஜ்ய விலையிலாவது பில்லில் போடச் சொல்லுங்கள். காய்கறிக் கவரில் எடை ஸ்டிக்கர் உரிந்து விழுந்திருக்கும், கவுண்டரிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அலாரம் கேட் ஒலித்தால் நெஞ்சு படபடக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திருடாமலேயே அது ஒலிக்கும் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளில் ஒட்டியிருக்கும் சதுர ஸ்டிக்கருக்குள் மெல்லிய உலோகச் சுருள் இருக்கிறது. சில பொருள்களில் ஸ்டிக்கருக்குப் பதில் நீளமான வெள்ளைப் பட்டை இருக்கும். வாசலில் உள்ள கேட் இதை உணர்ந்துதான் ஒலிக்கிறது. கவுண்டரில் உள்ள பலகை மேல் பொருளைத் தேய்த்தால்தான் அது செத்துப்போகும். வேகமாக இழுத்தாலோ, ஸ்டிக்கர் பலகைக்கு எதிர்ப்பக்கம் இருந்தாலோ உயிரோடு வெளியே வரும். நீங்கள் போட்டிருக்கும் புதுச்சட்டையின் தையலுக்குள் வேறு கடைக்காரர் விட்ட பட்டையும் ஒலிக்கலாம். ஓடவும் வேண்டாம், பையைக் கொட்டவும் வேண்டாம். பொருள்களை ஒவ்வொன்றாகக் கேட் வழியே அனுப்பச் சொல்லுங்கள், அரை நிமிடத்தில் எது என்று தெரிந்துவிடும்.

இனி எல்லைக்கோடு. கடைக்குள் உங்களைப் பார்ப்பதும் கேமரா வைப்பதும் மட்டும் குற்றமாகாது. போகவிடாமல் வழிமறிப்பது இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவில் வரும், அறையில் அடைத்து வைப்பது 127-இல் வரும். அடைத்து வைத்ததற்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். தன் கண்முன்னே, பிணையில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகைக் குற்றம் நடந்தால் தனி ஆளும் பிடிக்கலாம் என்று குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வெறும் சந்தேகத்துக்கு இது பொருந்தாது. உடம்பைத் தடவிச் சோதிக்கும் அதிகாரம் கடை ஆளுக்குக் கிடையாது. கைதான பெண்ணைச் சோதிப்பதென்றால்கூட இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு, செய்ய வேண்டும். "திருடினால் 10 மடங்கு அபராதம்" என்ற போர்டுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து ஒரு குடிமகனுக்குக் கடைக்குள் தடை போடக் கூடாது என்பது அரசியலமைப்பின் 15(2)-இல் நேராகவே எழுதியிருக்கிறது. திருநங்கைகள், திருநம்பிகளை இப்படி வேறுபடுத்தி நடத்துவதை 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

அறைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். "போலீஸைக் கூப்பிடுங்க, அவங்க முன்னாடி காட்டுறேன்" என்று எல்லோர் முன்னாலும் நின்று சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்களே 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181-உம் உண்டு. மன்னிப்புக் கடிதமோ வெள்ளைத்தாளோ கொடுத்து, கையெழுத்துப் போட்டால் விடுகிறோம் என்றால் போடவே கூடாது.

அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேமரா பதிவுப் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். பல கடைகளில் 15 முதல் 30 நாளில் போய்விடும். தேதி, நேரம், எந்த வரிசை, என்ன நிறச் சட்டை என்று எழுதி, "இந்தப் பதிவை அழிக்காமல் வைக்கவும்" என்று மேனேஜருக்கு மின்னஞ்சலும் தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டும் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும், வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. அங்கே நீங்கள் நுகர்வோர் என்று காட்டும் முக்கியமான சான்று பில்தான். அது வெப்பத்தால் அச்சாகும் தாள், சில மாதத்தில் எழுத்து வெளுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.