பாறைக்கு வாசனை கிடையாது

"இந்த ஒயினில் வருவது உங்கள் திராட்சைத் தோட்டத்துப் பாறையின் வாசனைதானே?" என்று கேட்டார் ஒயின் சுவைக்க வந்த அம்மையார். "இல்லை, பாறைக்கு வாசனை கிடையாது" என்றேன். அவ்வளவுதான். மாலையில் முதலாளி கூப்பிட்டு, "நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஏன் சொன்னீர்கள்?" என்றார். அந்த 'ஏன்' இன்னும் என்னை விடவில்லை.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. வேர் உறிஞ்சுவது தண்ணீரையும் அதில் கரைந்த உப்புகளையும்தான். அவை ஒயினில் மிஞ்சும் அளவு நாக்குக்கு எட்டாது. தீக்கல் உரசியதுபோன்ற அந்த மணம் பெரும்பாலும் நொதிக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் வேலை. பிரான்சின் ஒயின் பகுதியான ஷாப்லியில் சுண்ணாம்பு மண்ணில் கிடக்கும் சிப்பிகளைக் காட்டி, ஒயினில் கடல் மணக்கிறது என்பார்கள். அந்தச் சிப்பிகள் மடிந்து சுமார் 15 கோடி ஆண்டுகள் ஆகின்றன. போதாக்குறைக்கு, 19ஆம் நூற்றாண்டில் வேரைத் தாக்கும் பைலோக்ஸெரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பிறகு அங்கே பெரும்பாலான கொடிகள் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை இனங்களின் வேரில் ஒட்டுக்கட்டியவை. மண்ணைத் தொடும் வேரே அந்தத் திராட்சையுடையது இல்லை.

இத்தனை தெரிந்தும் உறுத்துவதற்குக் காரணம் எங்கள் பீப்பாய்கள். மேட்டு நிலம், பள்ளத்து நிலம் இரண்டிலும் ஒரே ரகம், ஒரே கவாத்து, நொதிக்கவைப்பதும் ஒரே முறையில். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எந்த நிலத்து ஒயின் என்று சொல்லிவிடுவேன். மேட்டில் சரளை, மழைநீர் நிற்காது, கொடி தாகத்தோடு கிடக்கும், பழம் சிறுத்துச் சாறு செறிவாகும். கீழே களிமண், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கொடி இலையாகத் தழைக்கும், பழம் பருக்கும், சாறு நீர்த்துப்போகும். கடும் வறட்சி வந்தால் கதை தலைகீழ்: மேட்டுக்கொடி வாடும், பழம் பழுப்பது நின்றுவிடும், அதுவரை நான் குறைசொன்ன களிமண்தான் அந்த ஆண்டைக் காப்பாற்றும். பிரான்சின் பர்கண்டியில் அடுத்தடுத்த துண்டு நிலங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துக் காத்ததை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது. அவற்றைப் பிரித்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர், நாக்கை நம்பியவர்கள்.

அப்படியென்றால் அந்த அம்மையார் சொன்ன வழிதான் பிழை, நிலம் ஒயினில் தெரிகிறது என்ற ஊகம் சரி. என் 'இல்லை' இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டதோ? அவர் கேட்டது பாறையைப் பற்றி, நிலத்தைப் பற்றி அல்லவே என்றும் வாதாடிப் பார்க்கிறேன். கோப்பையோடு நிற்பவரிடம் வடிகாலைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்?

இப்போதெல்லாம் யார் வந்தாலும் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். பாறையின் பேச்சை அவர்களே எடுத்தால் சிரித்துவிட்டு அடுத்த ஒயினை ஊற்றுகிறேன். இது பக்குவமா, தந்திரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. முதலாளிக்குப் பரம திருப்தி. அதுதான் சந்தேகத்தைக் கூட்டுகிறது.