செஜெஸ்டாவின் செதுக்காத குமிழ்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில் கிரேக்கப் பாணியில் எழுந்த பழைய செஜெஸ்டா கோயிலுக்கு வருகிறவர்கள் தூண்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் படிப்பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டேன். அடித்தளக் கற்களின் முகத்தில், பிடித்துத் தூக்க வாகாகக் குமிழ் குமிழாகக் கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கல்லைக் கயிறு போட்டுத் தூக்கவும், நெம்பி இடம் சேர்க்கவும் விட்டுவைத்த பிடிகள் இவை. கட்டடம் எழும்பியதும் கடைசியில் கொத்தி எடுத்துவிடுவார்கள். இங்கே அந்தக் கடைசி நாள் வரவே இல்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை பாதியில் நின்றுபோனது. 36 தூண்களும் நிற்கின்றன. கூரை இல்லை, உள்ளே கருவறையும் இல்லை. தூண்களில் மேலிருந்து கீழாக ஓட வேண்டிய பள்ளங்களும் வெட்டப்படவில்லை. முன்னாடியே வெட்டினால் கல் ஏற்றும்போது விளிம்பு உடைந்துவிடும் என்று அதையும் கடைசிக்கு வைத்திருந்தார்கள். முடிந்த கோயில்களில் சுத்தமாக அழிந்துபோன வேலைமுறை, முடியாத இந்தக் கோயிலில் அப்படியே இருக்கிறது. எனக்கு இது குறையாகவே தெரியவில்லை.

அப்புறம் ரோமில் போர்த்தா மஜ்ஜோரே. கிளாடியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 52-இல், இரண்டு நீர்க்கால்வாய்களைச் சாலைக்கு மேலே கடத்திக் கட்டிய வாயில். தூண்கள் பொதிமூட்டைகளை அடுக்கினாற்போல் பிதுங்கி நிற்க, அவற்றின் தலைமேல் உள்ள முக்கோண முகப்பு மட்டும் வழவழவென்று இருக்கிறது. மேலே இழைக்கத் தெரிந்தவர்களுக்குக் கீழே இழைக்கத் தெரியாதா? தெரிந்தே விட்டார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஃபிளாரன்ஸில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1444-இல் கட்டடக் கலைஞர் மிக்கெலொட்ஸோ தொடங்கிய, மெடிச்சி என்ற செல்வக் குடும்பத்தின் மாளிகையில் தரைத்தளக் கற்கள் மலையிலிருந்து பெயர்த்த மாதிரி முரடாகப் புடைத்திருக்கின்றன. நடுத்தளத்தில் கல் தட்டையாகி, இணைப்புக் கோடுகள் மட்டும் தெரிகின்றன. மேல்தளத்தில் அதுவும் மறைந்து சுவர் மழமழப்பாகிவிடுகிறது. பார்வை தானாகவே மேலே ஏறுகிறது.

சுவரடியில் நீளமாக ஒரு கல் திண்ணை ஓடுகிறது. காலை வெயில் சாய்வாக விழ, ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு நிழல். முதுகுக்குப் பின்னால் இருந்த கல்லைத் தடவிப் பார்த்தேன். உளி பட்ட குழிகள் விரலுக்கு நன்றாகத் தட்டுப்பட்டன.