"வீட்லதான் இருக்கேன்"

எம்.டி. சமூக மருத்துவத்தில் என் தீசிஸ் ரத்த அழுத்தம் பற்றியது. 2024-ல் வடசென்னையில் வீடு வீடாகப் போனேன். பிபி பார்ப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் பத்து நிமிஷம். படிவத்தின் முதல் பக்கத்தில் இருந்த குப்புசாமி அளவுகோல்தான் என்னைப் படுத்தி எடுத்தது.

நகரக் குடும்பங்களின் சமூக, பொருளாதார நிலையை அளக்க 1976-ல் பி. குப்புசாமி வகுத்த முறை அது. குடும்பத் தலைவரின் படிப்புக்கு 7 வரை, வேலைக்கு 10 வரை, குடும்ப வருமானத்துக்கு 12 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 29. 26-ம் அதற்கு மேலும் என்றால் உயர்தட்டு, 5-க்குக் கீழே போனால் அடித்தட்டு, நடுவில் மூன்று படி. வருமான வரம்புகளை மட்டும் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும். எம்.பி.பி.எஸ். வைவாவில் கடகடவென்று ஒப்பித்திருக்கிறேன்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அஞ்சாங்கிளாஸ். மகன் பி.இ. முடித்துவிட்டு பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். "குடும்பத் தலைவர் யாருங்க?" என்றால் மகன் தாத்தாவைக் காட்டுகிறார். ரேஷன் கார்டிலோ தலைவி பாட்டி! தாத்தாவை எழுதினால் படிப்புக்கு 2, வேலைக்கு 2, வருமானத்துக்கு 3, ஆக 7. மகனை எழுதினால் 7, 3, அதே 3, ஆக 13. ஒரே உலையில் வெந்த சோறுதான் எல்லோருக்கும். ஆனால் குடும்பம் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது.

கைடிடம் போய் நின்றேன். "அதிகமா சம்பாதிக்கிறவரைத் தலைவர்னு வெச்சுக்கோம்மா. எந்த வீட்லயும் மாத்தாதே" என்றார். சரி, ஆனால் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வருமானம் என்று வாயைத் திறந்தாலே, "ஆயிரம் ரூபா உரிமைத்தொகையை நிறுத்திடுவாங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார்கள். நான் காலேஜிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் நம்புவதற்கு அவர்களுக்கென்ன தலையெழுத்தா? வீட்டுப் பொருட்களை வைத்துக் கணிக்கலாமே என்றாள் தோழி. 2006-லிருந்து அரசாங்கமே கலர் டிவி கொடுத்த ஊரில், அதற்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வேறு கொடுத்த ஊரில், டிவியைப் பார்த்து என்னத்தைக் கணிப்பது?

பூ கட்டும் அக்கா வீட்டில்தான் என் தப்பு எனக்கே உறைத்தது. "வேலைக்குப் போறீங்களாக்கா?" என்றேன். "இல்லம்மா, வீட்லதான் இருக்கேன்" என்றார். நானும் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டேன். எழுதும்போது அவர் கை நிற்கவே இல்லை. மல்லியை இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக வைத்து, நாரைச் சுற்றி இழுத்து, பக்கத்தில் ஈரத்துணியில் சுருட்டி வைத்துக்கொண்டே போனார். முழத்துக்கு இவ்வளவு என்று பூக்கடைக்காரர் கொடுக்கும் காசு குடும்ப வருமானத்தில்தானே சேர வேண்டும்? நான் சேர்க்கவில்லை. இரவு படிவங்களைப் புரட்டினால் இப்படிப் பதினேழு 'இல்லத்தரசி'.

பதினேழு வீட்டுக்கும் திரும்பப் போனேன். வேலை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"நேத்து எத்தனை முழம்கா கட்டுனீங்க?"

"நேத்து முகூர்த்தம்ல? அறுபது இருக்கும்" என்றார், நிமிராமலே.

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதுப் படிவம் எடுத்தேன்.